பாவு பிடிக்க வந்த கைகள்

ஒரு பட்டுப் பாவினை எவராலும் தனியாக நீட்ட முடியாது. என் துன்பத்தைச் சொல்லப் புகும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நெய்வதைத் தனியாகச் செய்துவிடலாம். ஆனால் சேலையின் நீளவாட்டில் ஓடும் நூல்கள் அத்தனையும் சேர்ந்த பாவு, தறியில் ஏறுவதற்கு முன் தெருவுக்கு வந்தாக வேண்டும். விடியற்காலையில் அதைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, இழை இழையாகப் பார்த்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்து, இளவெயிலில் உலர்த்திச் சுருட்டுவோம். ஒரு முனை கம்பத்தில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனையை ஒருவர் கயிற்றால் இழுத்துப் பிடிப்பார். இழைகளின் வரிசை குலையாதபடி இடையிடையே செருகிய மூங்கில் கோல்களை இருபுறமும் ஆட்கள் நின்று ஏந்திக்கொள்வார்கள். ஒரு கோல் நழுவினால் இழைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன்பின் அது வெறும் பட்டுச் சிக்கல். எந்தத் தறியிலும் ஏறாது.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தெருவில், இந்த வேலைக்குக் கூலி கிடையாது, அழைப்பும் கிடையாது. எவர் வீட்டுப் பாவு தெருவுக்கு வந்தாலும் அக்கம்பக்கத்தார் தாமாக வந்து கோல் பிடிப்பார்கள். பிடித்தவர், பாவு சுருட்டப்படும்வரை கையெடுக்கமாட்டார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, வாசலில் விருந்தாளி வந்து நின்றாலும் சரி, கையெடுப்பதில்லை. எங்கள் தெருவில் எழுதாமலே நின்ற சட்டம் அது.

ஆண்டவரின் வீட்டாரே, அறுபதுகளின் நடுவில், அரிசிக்காக ஊரெல்லாம் வரிசையில் நின்ற காலத்தில், என் வீட்டுப் பாவுக்கு அந்தத் தெருவிலிருந்து ஒரு கையும் வராமற்போயிற்று.

நான் பக்திப் பாடல்களின் நடுவில் வளர்ந்தவன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியுமுன்பே எனக்குப் பாசுரமும் பதிகமும் மனப்பாடம். மார்கழியில் எங்கள் தெருப் பஜனையில் முன்னின்று பாடியவன் நான். எட்டாத உயரத்தில் இருப்பவன் எளியவனுக்காக இறங்கி வருகிறான் என்று அந்தப் பாடல்களில் வரும் ஒவ்வொரு இடத்திலும் என் குரல் தழுதழுக்கும். அந்தத் தாகத்தை எனக்குத் தந்தவை அவையே. அந்த நன்றியை நான் மறந்ததில்லை. பின்னர் என் மனைவி மரகதம் பிரசவத்துக்குப் பின் கடுங்காய்ச்சலில் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இறங்கி வந்தவரின் கதையை அங்கே முழுமையாகக் கேட்டேன். சிலுவை மரணம்வரை இறங்கி வந்தார் என்றார்கள். என் நெஞ்சு வெகுநாளாகத் தேடிய முகம் அதுவே என்று அறிந்தேன். அவள் பிழைத்து எழுந்தபின் இருவரும் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றோம்.

தெரு எங்களை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.

அதை முன்னின்று முடிவு செய்தவர் மரகதத்தின் அண்ணன் ஏகாம்பரம். எங்களுக்கு எதிர்வீடு. தகப்பனில்லாத தங்கையைத் தாமே வளர்த்து, தாமே எனக்குக் கைப்பிடித்துக் கொடுத்தவர். தெருவில் பாவு வேலையில் அவருக்கு நிகரில்லை. தொலைவிலிருந்து பார்த்தே எந்த இழை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய சினத்தின் ஆழத்தில் பாசம் இருந்தது. அதனால்தான் அது அத்தனை நாள் நின்றது என்று இப்போது நினைக்கிறேன்.

ஞானஸ்நானத்துக்குப் பின் முதல்முறையாகப் பாவினைத் தோளில் சுமந்து தெருவில் நின்ற காலையில், அவர் தம் வாசற்படியில் நின்றிருந்தார்.

"மாப்ள, நீ உன் வழிய பாத்துக்கினே. நாங்க எங்க வழிய பாத்துக்கறோம்" என்றார்.

"மச்சான், சாமி வேற ஆனாலும் நூலு அதேதானே?"

"நூலு அதேதான். கைதான் வேற ஆயிடிச்சி."

மரகதம் உள்ளிருந்து ஓடிவந்து, "அண்ணா…" என்றாள். அவர் காதில் விழாதவர்போல் வீட்டுக்குள் போய்விட்டார். தெருவில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தோளில் பாவோடு நான் தனியே நின்றேன். பிறகு அதை அப்படியே, கூலிக்கு நெய்யப் பட்டு தந்த முதலாளி வீட்டில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் தறி வெறுமையாயிற்று. வாரத்தில் சில நாள் ரயிலேறி வாலாஜாபாத் போய், அரிசி மில்லில் மூட்டை சுமந்தேன். நெல் மூட்டையின் சொரசொரப்பில் விரல்கள் காய்த்துப்போயின. பட்டு இழை அந்த விரல்களில் இனி மாட்டிக்கொள்ளுமே என்ற கவலை பசியைவிடப் பெரிதாயிருந்தது. கிடைத்த நொய்யில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். அந்நாட்களில் நான் செய்த ஜெபம் ஒன்றே: "ஆண்டவரே, மச்சானின் நெஞ்சை உடையும். உடையாவிட்டால் அவரை என் கண்ணுக்கு முன்னிருந்து அகற்றிவிடும்." எதிர்வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டாலே என் உடல் எரியும்.

ஒருநாள் நான் புலம்பிக்கொண்டிருந்தேன். "இத்தன வருசம் இவங்க பாவெல்லாம் புடிச்சேனே, ஒருத்தன் கை வரலியே" என்றேன்.

மரகதம் முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "அவங்க கை வரல. சரி. நம்ம கை இன்னா ஆச்சு? இருக்குதில்ல?"

"தொடக் கூடாதுன்றாங்களே!"

"பாவுலதான தொடக் கூடாது? தொடப்பத்துல தொடலாமில்ல?"

அப்படித்தான் அது தொடங்கியது. மறுநாள் யார் வீட்டுப் பாவு நீளப்போகிறது என்று முந்தின நாளே தெரிந்துவிடும். பொழுது புலருமுன் நாங்கள் இருவரும் இறங்கி, அந்த வீட்டின் முன்னே தெருவைக் கூட்டினோம். கல், முள், ஆட்டுப் புழுக்கை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டுத் தண்ணீர் தெளித்தோம். பாவு நீண்டபின் நான் ஒரு கழியோடு தெருமுனைக்குப் போய், மாடுகளும் சைக்கிள்களும் உள்ளே வராதபடி நின்றுகொண்டேன்.

முதலில் தெரு திகைத்தது. பிறகு அதற்குப் பேச்சு வந்தது.

"இன்னாய்யா, தறிய வுட்டுட்டு மாடு மேய்க்கப் பூட்ட?" என்று பாவுக்கு அப்பாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவங்க சாமியே மேய்ப்பன்னுதான் சொல்றாங்க. சாமிக்கேத்த வேல!" என்றார் இன்னொருவர்.

தெருவே சிரித்தது. சொன்ன விதத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவர்களோடு சேர்ந்து சிரித்தபோது நெஞ்சில் ஒரு முடிச்சு சற்றே தளர்ந்ததை உணர்ந்தேன். ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க தெருவுல வந்து எவனும் ஒண்ணும் கிழிக்க வாணாம்" என்றார், யாரையும் பாராமல்.

மரகதமும் யாரையும் பாராமல், கூட்டிக்கொண்டே சொன்னாள்: "தெரு முனிசிபாலிட்டியுது."

மாரி வந்தது, போயிற்று. வெயில் வந்தது, போயிற்று. கேலிக்கன்றி எங்களோடு எவரும் பேசவில்லை. நாங்களும் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. இதனால் எங்களுக்கு ஏதேனும் பலன் கிடைக்கும் என்ற எண்ணமும் மெல்ல மெல்ல மங்கியது. ஒரு கட்டத்துக்குப்பின் தெரு தூய்மையாயிருப்பதே போதும் என்றாயிற்று. பாவின் அடியில் ஈரத் தெருவும், மேலே விடியல் வெளிச்சத்தில் மயிற்கழுத்து நிறத்தில் மின்னும் பட்டும் நிற்கையில், என் வாய் தானாகவே பாடும். அந்தப் பாட்டில் மட்டும் பசி இருக்காது.

அப்படியிருக்கையில், ஏகாம்பரத்தின் சொந்தப் பாவு நீண்டிருந்த ஒரு காலையில், வண்டியிலிருந்து அவிழ்த்த காளை ஒன்று மிரண்டு எங்கள் தெருவுக்குள் பாய்ந்தது. நேரே பாவினை நோக்கி வந்தது. நான் கழியைக் குறுக்கே நீட்டி அதன் முன்னே போய் நின்றேன். காளை என்னைத் தள்ளி, என் இடப்பாதத்தை மிதித்து, பக்கச் சந்துக்குள் திரும்பி ஓடிற்று. பாவில் ஒரு தூசியும் படவில்லை. நான் சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடந்தேன்.

ஏகாம்பரத்தின் கையில் கயிற்று முனை இருந்தது. அவர் குரல் கேட்டது. "டேய், இழ எதுனா அறுந்துதா பாரு!"

"இல்லண்ணா."

"அப்ப சரி. கஞ்சிய ஊத்து."

பாவில் கை வைத்தவர் கையெடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் அந்த "அப்ப சரி" என் எலும்பைவிட ஆழமாக எதையோ முறித்துவிட்டது. மரகதம் வந்து என்னைத் தாங்கி எழுப்பி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். பாதத்தில் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். இனி அரிசி மில்லும் இல்லை.

"போதும், மரகதம்" என்றேன் வீட்டுக்கு வந்ததும். "செஞ்சது போதும். இனிமே இந்த ஜனங்களுக்கு ஒரு குச்சியையும் கிள்ளிப் போடமாட்டேன்."

மறுநாள் விடியலில் துடைப்பத்தின் ஓசை கேட்டு எழுந்தேன். நொண்டி நொண்டி வாசலுக்கு வந்து பார்த்தால், அவள் தன் அண்ணன் வீட்டின் முன்னே கூட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவளைச் சினத்தோடு பார்த்தேன்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க நல்லவங்களா ஆனாதான் நாம நல்லது செய்யணும்னா, அப்ப நமக்கு சாமி எதுக்கு?"

நன்மை செய்வதில் சோரக் கூடாது என்று சபையில் பலமுறை கேட்டிருந்தேன். கேட்டபோதெல்லாம் தலையசைத்தும் இருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் வலிக்கும் ஒரு பாதம் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். கட்டுப் பிரித்ததும் கழியை ஊன்றிக்கொண்டு மறுபடி தெருமுனைக்குப் போனேன்.

ஐப்பசி மழை ஓய்ந்த சமயம். முதலாளி ஆளனுப்பி என்னை அழைத்தார். நாங்கள் குடியிருந்த வீடும் அதிலிருந்த தறியும் அவருடையவை. நல்ல மனிதர், ஆனால் தெருவைப் பகைத்துக்கொள்ள முடியாதவர்.

"உன் கை வேல எனக்குத் தெரியும்பா. அதனாலதான் இத்தினி நாளு பொறுத்துக்கினு இருந்தேன்" என்றார். "தையில ஒரு கல்யாணம். இந்தப் பாவ எடுத்துக்கினு போ. தறியில ஏத்துனா, நெய்யி. ஏத்த முடியலேன்னா பட்டையும் குடுத்துடு, வீட்டையும் குடுத்துடு. வேற ஆள வச்சிக்கறேன். நான் இன்னா செய்யறது, சொல்லு?"

அரக்கு நிறப் பாவு. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது தறியில் ஏறாவிட்டால் எங்களுக்கு வீடில்லை, தொழிலில்லை, ஊரில்லை. கைக்குழந்தையோடு வாலாஜாபாத்தில் மில் வாசலில் போய் நிற்க வேண்டும். முறிந்த பாதத்தோடு அங்கும் எனக்கு வேலையில்லை.

அன்று முழுதும் இருவரும் உபவாசமிருந்தோம். என் பழைய ஜெபம் வாயில் வரவில்லை. மச்சானை உடையும், அகற்றும் என்பதெல்லாம் எங்கோ போய்விட்டது. "கைகளைத் தாரும்" என்று மட்டுமே கேட்டேன். யாருடைய கைகள் என்று சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாலையில் எங்கள் போதகரிடம் போய்ச் சொன்னேன். தென்கோடியிலிருந்து வந்த மனிதர் அவர். பட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர்.

"கைதானே?" என்றார் முகமலர்ந்து. "அது நம்மகிட்ட எவ்வளவோ இருக்கே!"

என் ஜெபம் கேட்கப்பட்டது என்று எண்ணி ஆனந்தத்தோடு திரும்பினேன். அது எவ்வாறு கேட்கப்படும் என்பதை அப்போது நான் அறியேன்.

மறுநாள் விடியலில் சபையார் வந்து சேர்ந்தார்கள். போதகர் வெள்ளை அங்கியை மடித்துக் கட்டியிருந்தார். ரயில்வே கேட்டில் காவல் இருந்து ஓய்வுபெற்ற தேவசகாயம் பெரியவர் வந்தார். வீடுவீடாய்ப் போய் வேதம் வாசித்துக் காட்டும் சாராள் அம்மாள், கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். இன்னும் சில ஆண்கள், பெண்கள். பாவு பிடித்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

எதிர்வரிசை வாசல்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. "வேதக்காரங்க பாவு நீட்டப்போறாங்களாம், வாங்க வாங்க!" என்று ஒருவர் மற்றவரை அழைத்தார். ஏகாம்பரம் தம் வாசற்படியில் வேப்பங்குச்சியைக் கடித்தபடி நின்றார்.

நான் பாவின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினேன். கோல்களை எப்படி ஏந்துவது என்று ஒவ்வொருவருக்கும் காட்டினேன்.

"இன்னாம்மா இது, மூச்சு வுட்டா அறுந்துடும் போலக்குது!" என்றார் தேவசகாயம் பெரியவர், சாராள் அம்மாளைப் பார்த்து.

"மூச்ச வுடுங்க தாத்தா, இழுக்கத்தான் கூடாது" என்றேன்.

"ஏம்பா, காலம்பூரா கேட்டு போட்டவன் நானு. ரயிலே எனக்காக நின்னுக்கினு இருக்கும். இந்த நூலு நிக்காதா?"

நூல் நிற்கவில்லை. அவர் தம் கோலை ரயில்வே கேட் கம்பத்தைப்போல் ஒருபக்கம் உயர்த்தினார். எதிரே பிடித்திருந்த சாராள் அம்மாள் தம் பக்கத்தைத் தாழ்த்தினார். பாவு நடுவில் கோணிற்று. அதைச் சரிசெய்ய நான் நொண்டியபடி ஓடினால், அந்தப் பக்கம் இன்னொரு கோல் சாய்ந்தது. தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவரே. ஏகாம்பரம் குச்சியைக் கடிப்பதை நிறுத்திவிட்டார். ஒருமுறை உள்ளே போனார். உடனே வெளியே வந்தார். "சாய்க்கிறான் பாரு… சாய்க்கிறான் பாரு…" என்று தமக்குள் முனகியது எனக்கே கேட்டது. நல்ல பட்டு தவறான கையில் படும் வேதனையை நெசவாளன் அறிவான். அவர் முகம், பிள்ளையை வைத்தியரிடம் கொடுத்துவிட்டுப் பார்த்திருக்கும் தகப்பனின் முகமாயிருந்தது.

எப்படியோ பாவு நீண்டது. நான் மறுமுனைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து, வலிக்கும் பாதத்தை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தேன். அரக்குப் பட்டு தெருவின் நடுவே, மார்பளவு உயரத்தில், காற்றில் நின்றது. போதகர் மறுகோடியில், கம்பத்துக்கு அருகே, முதல் கோலைப் பிடித்திருந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி பொங்கியதை அங்கிருந்தே கண்டேன். அவர் ஏதோ சொன்னார். அது என் காதில் விழவில்லை. ஆனால் அதன் பொருள் கணத்தில் விளங்கிவிட்டது. ஏனெனில் சபையார் அத்தனை பேரும் தலை குனிந்தார்கள்.

போதகர் "ஜெபிப்போம்" என்று சொல்லியிருந்தார்.

நம் சபையாரின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டால் கண்கள் தாமாக மூடும். கைகள் தாமாகக் குவியும். நற்பழக்கந்தான். ஒருவர் பின் ஒருவராக, மிகுந்த பக்தியோடு, அவர்கள் கோல்களை விட்டுவிட்டுக் கை கூப்பினார்கள்.

கோல்கள் ஒரு கணம் இழைகளிலேயே தொங்கின. பாவு நடுவில் குழிந்து இறங்கத் தொடங்கிற்று. நான் கயிற்றை விட்டால் எல்லாம் முடிந்தது. விடாவிட்டாலும் என்னால் அங்கே போக முடியாது. கத்த வாய் திறந்தேன். ஒலி வரவில்லை. "ஆண்டவரே" என்ற ஒரு சொல் மட்டும் உள்ளே எழுந்தது.

"கைய வுடாதீங்கய்யா!"

இடி விழுந்ததுபோல் அந்தக் குரல் தெருவை அதிர்த்தது. வேப்பங்குச்சி எங்கோ தெறித்தது. ஏகாம்பரம் வாசற்படியிலிருந்து பாய்ந்து, மண்ணைத் தொட இருந்த பாவின் அடியில் முழங்காலிட்டு, இரு கைகளையும் நீட்டி அதை ஏந்திக்கொண்டார்.

"டேய்! பாத்துக்கினு நிக்கிறீங்களே, மரமா நீங்க? ஓடியாங்கடா! பட்டு மண்ணுல பூடும்டா!"

தெரு ஓடிவந்தது. சற்றுமுன் சிரித்தவர்கள், எங்களோடு பேசாதவர்கள், அத்தனை பேரும் வந்தார்கள். நழுவிய கோல் ஒவ்வொன்றும் மண்ணைத் தொடுமுன் ஒரு கையில் தங்கிற்று. பாவு மெல்ல எழுந்தது. மார்பளவுக்கு வந்து, ஒரு சுருக்கமுமின்றி, நீர்ப்பரப்பைப்போல் நின்றது.

இத்தனையும் நடந்தபோது போதகர் கண் திறக்கவில்லை. ஓசைகளைத் தெருவின் இரைச்சல் என்று எண்ணிக்கொண்டார் போலும். "இந்தப் பாவினைத் தாங்க நீர் தந்த கரங்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று உரத்த குரலில் உருகி முடித்து, "ஆமென்" என்று கண் திறந்தார். தம் எதிரே, தம் கோலைப் பிடித்தபடி, நெற்றியில் நீறணிந்த தெருக்காரர் ஒருவர் நிற்பதைக் கண்டார்.

"பாதிரியாரே" என்றார் ஏகாம்பரம், பாவின் நடுவிலிருந்து, மூச்சிரைக்க. "உங்க சாமிய கும்புட கோயிலு இல்லியா? பாவுல கைய வச்சிட்டு எவனாவது கைய எடுப்பானா?"

"மன்னிக்கணும் ஐயா" என்றார் போதகர்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம் கேளுங்க. அந்தாண்ட தள்ளி நில்லுங்க, அங்கி படுது."

நான் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்பர்களே, அந்தக் கணத்தை எனக்கு எப்படிச் சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை. நான் கைகளைக் கேட்டேன். ஆண்டவர் கைகளை அனுப்பினார் என்று நான் களித்தேன். அந்தக் கைகளை எல்லாம் அவர் தம் முன்னிலையிலேயே கூப்பச் செய்து வெறுமையாக்கினார். அந்த வெறுமைக்குள், என் கண்ணுக்கு முன்னிருந்து அகற்றும் என்று நான் மன்றாடிய அதே மனிதரின் கைகளை வைத்தார். கைகூப்பியவர்கள் அறியாமலே அவர்கள் கேட்டது நடந்துகொண்டிருந்தது. நிலம் அதிரவில்லை, வானம் திறக்கவில்லை. பட்டு மட்டும் மண்ணில் விழவில்லை. ஆயினும் அந்த இடத்தில் செருப்பணிந்து நிற்கத் தகாது என்று தோன்றிற்று. அன்று என் நெஞ்சில் தானாக விழுந்த இரண்டு அடிகளை இங்கே எழுதுகிறேன்:

கைகேட்டேன், கைகூப்பக் கற்பித்தாய், கூப்பியபின்
மெய்யாக வந்ததுன் கை.

பாவில் கை வைத்துவிட்டார் ஏகாம்பரம். இனி அது சுருட்டப்படும்வரை அவரால் போக முடியாது. அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சோடு கோலை நேராக்கினார். அந்நேரம் மரகதம் கஞ்சிப் பானையோடு வெளியே வந்தாள்.

அண்ணனைக் கண்டு நின்றுவிட்டாள். அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு, இரு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"கெட்டியா இருக்குதும்மா" என்றார். "கொஞ்சம் தண்ணி ஊத்து."

தங்கையோடு பேச்சை நிறுத்திய பின் அவர் அவளிடம் சொன்ன முதல் சொல் அது. மரகதம் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஊற்ற அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். ஒருவரும் அவளை ஏனென்று கேட்கவில்லை. அண்ணன் கோல் பிடிக்க, தங்கை கஞ்சி தெளித்தாள். அவர் வேலை சொல்லிக்கொண்டே வந்தார்: "அங்க வுட்டுட்ட பாரு… அந்த ஓரம்… ம், போதும்." பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "ம்மா" என்று முடித்தார்.

வெயில் ஏறுமுன் பாவு உலர்ந்தது. சுருட்டினோம். சபையார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். தேவசகாயம் பெரியவர் மட்டும் ஒரு கோலைக் கேட்டு வாங்கிப் பிடித்து, இம்முறை மூச்சும் விடாமல் நின்றார். சுருட்டிய பாவினை ஏகாம்பரமே தூக்கி என் தோளில் வைத்தார்.

"மச்சான்…" என்றேன்.

"உனக்காக ஒண்ணும் வரல" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "பட்டுக்காக வந்தேன்." சில அடி நடந்தவர் நின்றார். "நாளைக்கு எங்க பாவு. கயித்த நீ புடிக்கிறியா? உன் கால் தாங்குமா?"

"தாங்கும்" என்றேன்.

அவ்வளவுதான். அதன்பின் அந்தத் தெருவில் எங்கள் பாவு ஒருநாளும் ஆளின்றி நின்றதில்லை. தையில் அந்த அரக்குச் சேலை மணமேடை ஏறிற்று. வீடும் தறியும் எங்களோடு இருந்தன. எண்பதுகளில் என் மகளின் திருமணம் சபையில் நடந்தபோது, தாய்மாமன் முறையை அவர்தாம் செய்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையில் கைகட்டி நின்றார். நான் சொல்வதை மிகைப்படுத்தக் கூடாது: அவர் நம் விசுவாசத்துக்குள் வரவில்லை. தம் இறுதிநாள்வரை தம் ஈசனையே வணங்கினார். அவரை எனக்குக் கொடுத்தவரிடம் அவரை ஒப்படைத்துவிட்டேன். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

மாறியவன் நான். அதற்குமுன் நான் நன்மையை விதையென்று எண்ணியிருந்தேன். விதைத்தால் முளைக்க வேண்டும். முளைக்கவில்லையென்றால் ஆண்டவரிடம் வழக்காடுவேன். அந்தக் காலைக்குப் பின் எனக்கு வழக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நாங்கள் கூட்டிய தெருவுக்காகவா அவர் ஓடிவந்தார், காளைக்கு முன் நின்றதற்காகவா, அல்லது தாம் சொன்னபடி பட்டுக்காகத்தானா? எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நெய்கிறவர் மேலே இருக்கிறார்; எந்த இழை எந்த இழையோடு சேரும் என்பது அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரு கயிற்றின் முனை. அதை விடாமல் பிடித்திருப்பதே என் பங்கு. அதைப் பிடித்திருக்கவும் அவரே பெலன் தந்தார் என்று கண்ணீரோடு அறிக்கையிடுகிறேன். மரகதம் இப்போது அவரிடத்தில் இருக்கிறாள். அவளுக்காகவும் நான் அவரைத் துதிக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் எவருக்கேனும் இன்று கை கொடுக்க ஆளில்லாமல் இருக்கலாம். சொந்த வீட்டாரே கதவைச் சாத்தியிருக்கலாம். செய்த நன்மைக்குக் காயமே பதிலாக வந்திருக்கலாம். உங்களிடம் நான் ஒன்றே கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு என்ன தேவையோ அதை ஆண்டவரிடம் கேளுங்கள். யார் வழியாக என்று அவருக்குச் சொல்லாதீர்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குள் அமர்ந்திருக்கவும் வேண்டாம். விடிந்ததும் எழுந்து, உங்கள் தெருவில் எவருடைய பாவு நீள்கிறதோ, அங்கே போய் நில்லுங்கள்.